மூலமும் உரையும்: யுனிக்ஸின் கதை, உரிமங்களின் கதை

கணினி இயங்குதளங்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எது வேகமானது, எது மலிவானது, எது அடிக்கடி முடங்குகிறது என்ற கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. இலக்கிய வாசகர்களுக்கு நெருக்கமான வேறொரு கேள்வியை நாம் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒரு பிரதியைப் படிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? படித்ததை விளக்கி அடுத்தவருக்குக் கற்பிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? கடந்த ஐம்பதாண்டு இயங்குதள வரலாற்றின் முக்கியமான திருப்பங்களை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது நம் எண்ணம். அதற்கு ஆதாரமாக ஓர் உரைநூலின் கதையைச் சொல்லப் போகிறோம். மூலம் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு. உரை எழுதியவர் சிட்னியில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த உரை கடைகளில் கிடைக்காமல், ஒளிநகலின் ஒளிநகலாகக் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். மென்பொருளை எழுதுபவர் அதை மனிதர் படிக்கக்கூடிய ஒரு மொழியில் எழுதுகிறார். அதுவே மூலநிரல். அதைக் கணினி நிறைவேற்றக்கூடிய எண்களின் வரிசையாக இன்னொரு நிரல் மாற்றித் தருகிறது. கடையில் வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வடிவத்திலேயே வருகிறது. அது வேலை செய்யும். எப்படி வேலை செய்கிறது என்று படித்தறிவது அரிது. மூலநிரல் கையில் இருப்பவரால்தான் அதைப் படித்துப் புரிந்துகொண்டு திருத்த இயலும். இவ்விரு வடிவங்களையும் பெற்றவர் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது என்று உரிமையாளர் சட்டத்தின் துணையோடு விதிக்கும் நிபந்தனைகளின் தொகுப்பையே உரிமம் என்கிறோம்.

விற்க முடியாத ஒரு பொருள்

1969-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அதுவரை கணினிகளோடு சேர்த்தே மென்பொருளையும் கொடுத்துவந்த ஐ.பி.எம். நிறுவனம், ஜூன் மாதத்தில், இனி மென்பொருளுக்குத் தனி விலை என்று அறிவித்தது. மென்பொருள் தன்னளவில் ஒரு விற்பனைச் சரக்கு என்னும் எண்ணம் வேர்கொண்ட தருணங்களுள் அது முக்கியமானது. அதே கோடையில் நியூஜெர்ஸி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்ப்ஸன் என்பவர் யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒரு பி.டி.பி.-7 கணினியில் ஒரு சிறிய இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகியவற்றோடு சேர்ந்து பெல் ஆய்வுக்கூடம் உருவாக்கி வந்த மல்டிக்ஸ் என்னும் பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து அந்த ஆய்வுக்கூடம் அப்போதுதான் விலகியிருந்தது. மல்டிக்ஸை எள்ளி வைத்த பெயரே யுனிக்ஸ். டென்னிஸ் ரிட்சியும் மற்றச் சகாக்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளர் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனம். அமெரிக்க அரசு அதன்மீது தொடுத்திருந்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு, 1956-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிந்திருந்தது. அதன்படி அந்நிறுவனம் தொலைத்தொடர்பைத் தவிர வேறு வணிகங்களில் இறங்கக் கூடாது. தன் காப்புரிமைகளைப் பிறருக்கு உரிமமாக வழங்கவும் வேண்டும். ஆகவே யுனிக்ஸைக் கடைச்சரக்காக்கிச் சந்தையில் விற்கும் நிலையில் அது இல்லை. கேட்கும் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பத் தொகைக்குக் காந்த நாடாவில் பதிந்து அனுப்பிவைத்தது. விளம்பரம் கிடையாது, பழுது பார்த்துத் தருதலும் கிடையாது. ஆனால் நாடாவில் மூலநிரல் முழுவதும் இருந்தது.

யுனிக்ஸ் பரவியதற்கு அதன் அழகும் எளிமையுமே காரணம் என்று சொல்வது வழக்கம். அழகு உண்மைதான். 1973-இல் ஸி மொழியில் அதைத் திருத்தி எழுதிய பிறகு, அந்நிரல் ஒரு தேர்ந்த உரைநடையாளரின் பக்கங்களைப்போலச் செறிவாக இருந்தது. ஆனால் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு விற்பனைக் கதவை அடைத்து வைத்திராவிட்டால் அந்த அழகை வெளியார் எவரும் பார்த்திருக்கப் போவதில்லை. தொலைபேசியின் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்த எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு, எழுதியவர்கள் நினைத்தும் பாராத வகையில், ஒரு தலைமுறைக் கணினி மாணவர்களுக்குப் பாடநூலைத் தந்துவிட்டது.

சிட்னியில் ஓர் உரையாசிரியர்

1974-ஆம் ஆண்டு ஜூலையில் ரிட்சியும் தாம்ப்ஸனும் யுனிக்ஸைப் பற்றி எழுதிய கட்டுரை அமெரிக்கக் கணினிக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு எழுதிக் கேட்டவர்களுள் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தாரும் இருந்தனர். அங்கே 1972 முதல் ஆசிரியராக இருந்தவர் ஜான் லயன்ஸ். சிட்னியிலேயே 1937-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர்.

நாடா வந்து சேர்ந்தபின் அவர்களுக்கு எழுந்த சிக்கல் எளிமையானது. நியூஜெர்ஸிக்கும் சிட்னிக்கும் இடையே பசிபிக் பெருங்கடல் கிடந்தது. ஐயம் எழுந்தால் கேட்டறிய அருகில் ஆளில்லை. மூலநிரலைப் படித்தே புரிந்துகொண்டாக வேண்டும். அன்றைய இயங்குதளப் பாடங்களோ பெரும்பாலும் கோட்பாட்டளவில் நடந்தன. மாணவர்கள் உண்மையான ஓர் இயங்குதளத்தை முதல்வரியிலிருந்து கடைசிவரி வரை படிப்பதில்லை. லயன்ஸ் அதைச் செய்வதென்று முடிவெடுத்தார்.

ஆறாம் பதிப்பின் உட்கருவில் ஏறத்தாழ 9,000 வரிகள் இருந்தன. தனியொரு மனிதர் புரிந்துகொண்டு பராமரிக்கக்கூடிய ஒரு நிரலின் அளவு ஏறக்குறைய 10,000 வரிகள்தான் என்று லயன்ஸ் கருதினார். அந்த எல்லைக்குள் யுனிக்ஸ் அடங்கியிருந்தது. அவர் மூலநிரலைப் பொருள் தொடர்புக்கேற்ப வரிசைப்படுத்தி, வரிகளுக்குத் தொடர் எண்ணிட்டு ஒரு தொகுதியாக அச்சிட்டார். அந்த எண்களைச் சுட்டி விளக்கம் சொல்லும் இரண்டாம் தொகுதியையும் எழுதினார். 1976-இல் வகுப்புக் குறிப்புகளாகத் தொடங்கிய இவை 1977-இல் முழு வடிவம் பெற்றன.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வடிவம் புதியதன்று. நூற்பாவை எடுத்து வைத்து, சொற்பொருள் கூறி, ஐயத்தை எழுப்பி விடை கண்டு, ஆசிரியன் இப்படி வைத்ததன் காரணத்தையும் உரைக்கும் உரையாசிரியர்களின் மரபில் வந்தவர்கள் நாம். லயன்ஸ் செய்ததும் ஏறக்குறைய அதுவே. இந்த மாறி ஏன் இங்கே வருகிறது, இந்தச் செயற்கூறு எதற்காக அழைக்கப்படுகிறது, இவ்விடத்தில் வேறு வழி இருந்ததா என்று கேட்டுக்கொண்டே செல்கிறார். மூலத்தைப் புகழ்வதோடு நில்லாமல் குறைகளையும் சுட்டுகிறார். நல்ல உரையாசிரியருக்கு மூலநூலாசிரியர்மீது இருக்கும் மதிப்பும் தனித்த பார்வையும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

அந்நூலில் 2238-ஆம் வரி புகழ்பெற்றது. கணினி ஒரு பணியை விட்டு இன்னொரு பணிக்குத் தாவும் இடம் அது. அங்கே மூலநிரலை எழுதியவர்களே, இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்ற எதிர்பார்ப்பில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தார்கள். வாசகரை அவமதிக்கும் சவாலாகப் பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். தேர்வில் இந்தக் கேள்வி வராது என்று ஆசிரியர் சொல்வதுபோன்ற தொனியில் எழுதியது அது என்று ரிட்சி பிற்காலத்தில் விளக்கமளித்தார். அங்கே நடப்பது என்னவென்று தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதே உண்மையான சிக்கல் என்றும் ஒப்புக்கொண்டார். மூலம் வெளிப்படையாக இருந்ததால்தான் இப்படிப்பட்ட ஒப்புதல் சாத்தியமாயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் நிரலில், எழுதியவருக்கே புரியாத வரிகள் எத்தனை என்று எவரும் கேட்க இயலாது.

அடைக்கப்பட்ட கதவு

லயன்ஸ் தம் உரையை எழுதத் தொடங்கிய அதே 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மைக்ரோஸாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த இளைஞரான பில் கேட்ஸ், கணினிப் பிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாமும் நண்பர்களும் ஆல்டேர் கணினிக்காக எழுதிய பேஸிக் மொழிபெயர்ப்பியைப் பெரும்பாலானோர் காசு கொடுக்காமல் படியெடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. உழைப்புக்குக் கூலி இல்லையென்றால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எழுதிப் பிழைக்கும் எவருக்கும் அதன் நியாயம் புரியும். எழுதியவருக்குக் கூலி கொடுப்பதற்கும், வாங்கியவர் படிக்கக் கூடாது என்பதற்கும் இடையே தர்க்கரீதியான தொடர்பு ஏதும் இல்லை. நாவலைக் காசு கொடுத்து வாங்கும் நாம் அதைத் திறந்து படிக்கத்தான் செய்கிறோம். ஆயினும் அடுத்து வந்த ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே பிணைக்கப்பட்டன. 1980-இல் அமெரிக்கச் சட்டமும் கணினி நிரலைப் பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்பாக வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது.

யுனிக்ஸின் சந்தை மதிப்பை ஏ.டி. அண்ட் டி. உணரத் தொடங்கியிருந்தது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்புகளில் பாடமாக நடத்துவதைத் தடை செய்தது. மூலநிரல் வணிக இரகசியம் ஆயிற்று. லயன்ஸின் உரை மூலநிரலை முழுமையாக உள்ளடக்கியது என்பதால் அதுவும் இந்த இரகசியத்தின் பகுதியாகக் கொள்ளப்பட்டது. யுனிக்ஸ் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குள் மட்டுமே அது புழங்கலாம். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. நூலின் தரத்தைப் பெல் ஆய்வுக்கூடமே நன்கு உணர்ந்திருந்தது. லயன்ஸை அழைத்து விருந்தினராகத் தங்கவைத்துக்கொண்டது. உரையாசிரியரை மதித்த வீட்டார், உரையை மட்டும் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள்.

ஆனால் ஒளிநகல் எந்திரங்கள் அப்போது பல்கலைக்கழகங்களுக்கு வந்துவிட்டிருந்தன. லயன்ஸின் பக்கங்கள் நகலெடுக்கப்பட்டன. நகல்கள் மீண்டும் நகலெடுக்கப்பட்டன. எழுத்துகள் மங்கி, ஓரங்கள் வெட்டுண்டு, ஐந்தாம் ஆறாம் தலைமுறை நகலாக அது கண்டங்களைக் கடந்தது. யுனிக்ஸ் அறிந்தவர் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கற்றை கையில் இருப்பது ஓர் அடையாளமாயிற்று. உட்கருவை எழுதக் கற்ற ஒரு தலைமுறையே இப்படிக் கள்ளத்தனமாகப் படித்து உருவானது. எந்த விலைபொருளையும் அவர்கள் திருடவில்லை, பாடம் கேட்டார்கள். அதைக் குற்றமாக்கிய உரிமத்தில்தான் கோளாறு இருந்தது என்பது நம் கருத்து.

தடையின் பிள்ளைகள்

ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டானன்பாம் இயங்குதளப் பாடம் நடத்திவந்தார். ஏழாம் பதிப்பின் உரிமம் அவருடைய வகுப்பறையையும் வந்து தொட்டது. காட்டிக் கற்பிக்க ஒரு மூலநிரல் இல்லாமல் பாடம் நடத்த அவருக்கு மனமில்லை. ஏ.டி. அண்ட் டி. எழுதிய ஒரு வரியைக்கூட எடுக்காமல், பயன்படுத்துவோருக்கு யுனிக்ஸ் போலவே தோன்றும் ஓர் இயங்குதளத்தைத் தாமே எழுதினார். 1987-இல் அது மினிக்ஸ் என்ற பெயரில், மூலநிரல் அச்சிடப்பட்ட பாடநூலோடு வெளிவந்தது. படிப்பதற்கு அது தாராளமாகக் கிடைத்தது. திருத்தி வெளியிடுவதற்கோ பதிப்பகத்தின் கட்டுப்பாடுகள் இருந்தன. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஹெல்ஸிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் புதிதாக வாங்கிய கணினியில் மினிக்ஸை நிறுவினார். அதன் போதாமைகளால் உந்தப்பட்டுத் தாமே ஓர் உட்கருவை எழுதி, அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவித்தார், செப்டம்பரில் வெளியிட்டார். முதல் வெளியீட்டின் உரிமம் மூலநிரல் உடன் இருக்க வேண்டும் என்றது. பணம் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. 1992-இல் அவர் அதைக் கைவிட்டு ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்துக்கு மாறினார். தாம் செய்தவற்றுள் ஆகச்சிறந்த காரியம் அதுவே என்று பின்னர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பொது உரிமம் ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கியது. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றியபோது நடந்ததாக அவரே சொல்லும் ஒரு நிகழ்ச்சி பலரும் அறிந்தது. பழைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி அனுப்பும்படி ஆய்வகத்தார் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தனர். ஜெராக்ஸ் கொடுத்த புதிய அச்சுப்பொறி மூலநிரல் இல்லாமல் வந்தது. மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரிடம் கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன் என்று மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்தார். மூன்று மாதம் கழித்து, 1984-ஆம் ஆண்டின் முதல் நாளில், ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் பிரிக்கப்பட்டது, 1956-இன் விலங்கும் கழன்றது. அதன்பின் யுனிக்ஸ் உரிமத்தின் விலை பன்மடங்கு ஏறியது. ஒருவர் படிப்புரிமையை எல்லோருக்கும் உறுதிசெய்யப் புறப்பட்ட அதே வேளையில், இன்னொருவர் அதை விற்பதற்குத் தடையில்லாத நிலையை அடைந்தார்.

பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் மூன்றாவது வழியில் சென்றது. 1977 முதல் யுனிக்ஸில் தான் செய்த சேர்க்கைகளை பி.எஸ்.டி. என்ற பெயரில் வெளியிட்டுவந்த அது, ஏ.டி. அண்ட் டி.யின் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கித் தன் வரிகளால் நிரப்பியது. 1991-இல் வெளிவந்த வடிவத்தில் உட்கருவின் சில கோப்புகள் மட்டுமே குறைவாக இருந்தன. 1992-இல் ஏ.டி. அண்ட் டி.யின் துணை நிறுவனமான யுனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ் வழக்குத் தொடுத்தது. 1994-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று. ஆனால் அந்த இரண்டாண்டுகளில் பி.எஸ்.டி.யைத் தொட அஞ்சியவர்களுள் பலர் லினக்ஸ் பக்கம் போய்விட்டிருந்தார்கள். பி.எஸ்.டி.யின் வழிவந்த ஒரு வடிவம் தம் கணினிக்கு முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸையே எழுதியிருக்க மாட்டேன் என்னும் பொருளில் டோர்வால்ட்ஸ் 1993-இல் கூறினார்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஏழாம் பதிப்பின் தடை மினிக்ஸைப் பெற்றது. மினிக்ஸின் கட்டுப்பாடு லினக்ஸைப் பெற்றது. பி.எஸ்.டி. மீதான வழக்கு லினக்ஸை வளர்த்தது. யுனிக்ஸின் உரிமையாளர்கள் தம் மூலத்தைக் காக்கச் செய்த ஒவ்வொரு செயலும் அந்த மூலத்தைத் தேவையற்றதாக்கும் புதிய மூலம் ஒன்றைப் பிறப்பித்தது.

இரண்டு உரிமங்கள்

திறந்த மூல மென்பொருள் என்ற பெயர் 1998 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் தோன்றியது. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்திருந்த சூழலில், கட்டற்ற மென்பொருள் என்ற பழைய பெயர் வணிகர்களை அச்சுறுத்துகிறது என்று கருதியவர்கள் இதைச் சூட்டினார்கள். பெயர் எதுவாயினும், அதன் கீழ் இரண்டு வேறுபட்ட மனப்பான்மைகள் குடியிருக்கின்றன.

பி.எஸ்.டி. வகை உரிமம் சொல்வது இவ்வளவே: எழுதியவர் பெயரை அழிக்காதே, மற்றபடி உன் விருப்பம். வாங்கியவர் அதை மூடிய பொருளாக்கி விற்றாலும் தடையில்லை. ஜி.பி.எல். அப்படி விடுவதில்லை. இதைப் படி, திருத்து, விற்கவும் செய். ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கும் மூலநிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடு என்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தை நீக்காமல், அதையே கருவியாக்கிப் படிப்புரிமையை வழிவழியாகக் கடத்துவது அதன் உத்தி. முன்னது கைமாற்றுபவரின் சுதந்திரத்தைப் பேணுகிறது. பின்னது சங்கிலியின் கடைசியில் நிற்கும் வாசகரை நினைத்துக்கொள்கிறது.

எது மேல் என்று கேட்டால், ஒரு சான்றை முன்வைப்போம். மினிக்ஸ் 2000-இல் பி.எஸ்.டி. வகை உரிமத்துக்கு மாறியது. 2017-இல் ஒரு செய்தி வெளிவந்தது. இன்டெல் தன் சில்லுகளுக்குள், கணினியின் உரிமையாளரால் பார்க்கவோ நிறுத்தவோ எளிதில் இயலாத ஒரு மேலாண்மைப் பகுதியில், மினிக்ஸின் மூன்றாம் வடிவத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. மாணவர்கள் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட இயங்குதளம், எவரும் படிக்க இயலாத இடத்தில் கோடிக்கணக்கில் குடியேறியிருந்தது. டானன்பாம் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன் என்றார். உரிமப்படி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், அந்த உரிமத்தைத் தேர்ந்ததில் தமக்கு வருத்தமில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். அவருடைய பெருந்தன்மையை மதிக்கிறோம். ஆயினும் எழுதியவர் வருந்தாததால் மட்டும் படிக்கும் உரிமையை இழந்தவரின் இழப்பு ஈடாகிவிடாது. எனவே நம் சார்பு ஜி.பி.எல். பக்கமே.

ஜி.பி.எல். எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. மூலநிரலைக் கொடுத்துவிட்டு, திருத்திய நிரல் அந்தக் கருவியில் ஓடாதபடி பூட்டும் வழக்கம் வந்தது. அதைத் தடுக்க 2007-இல் மூன்றாம் வடிவம் எழுதப்பட்டது. லினக்ஸ் உட்கரு அதை ஏற்காமல் இரண்டாம் வடிவத்திலேயே நின்றுவிட்டது. நம் கைப்பேசிகளில் பலவற்றுள் லினக்ஸ் உட்கரு ஓடுகிறது. அதைத் திருத்தி அதே கைப்பேசியில் ஓட்டிப் பார்க்க எத்தனை பேரால் முடியும் என்பது வேறு கேள்வி.

இருந்தும், கடைசியில் நிற்கும் வாசகர் என்பவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், லினக்ஸின் கே.டி.இ. முகப்பைப் பல நாடுகளில் இருந்த தமிழ்த் தன்னார்வலர்கள் தமிழாக்கினார்கள். சந்தை போதாது என்று எந்த நிறுவனமும் அவர்களைத் தடுத்து நிறுத்த இயலவில்லை. எவரிடமும் அனுமதி கேட்டு அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவும் இல்லை. உரிமத்திலேயே அந்த அனுமதி எழுதப்பட்டிருந்தது.

நூல் திரும்பி வந்தது

யுனிக்ஸின் உரிமை பல கைகளுக்கு மாறிற்று. 1993-இல் நாவெல் வாங்கியது. 1995-இல் யுனிக்ஸ் வணிகம் சான்டா க்ரூஸ் ஆபரேஷன் என்ற நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனம் இசைந்ததன் பேரில் 1996-இல் லயன்ஸின் உரை முதன்முறையாகப் பொதுவில் விற்கும் நூலாக அச்சேறியது. ரிட்சி, தாம்ப்ஸன் உள்ளிட்ட பலர் அதற்கு வரலாற்றுக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தனர். ஒளிநகலில் படித்துத் தேறியவர்கள் இப்போது காசு கொடுத்து வாங்கினார்கள். உடல் நலிந்திருந்த லயன்ஸ் அதைக் காண உயிரோடிருந்தார். 1998 டிசம்பரில் காலமானார்.

கதை அங்கே இனிதே முடிந்திருக்கலாம். யுனிக்ஸ் வணிகத்தை அடுத்து வாங்கிய கால்டெரா நிறுவனம், 2002 ஜனவரியில் பழைய பதிப்புகளைத் தாராளமான உரிமத்தில் வெளியிட்டது. பின்னர் எஸ்.சி.ஓ. குழுமம் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2003-இல், லினக்ஸுக்குள் யுனிக்ஸ் வரிகள் நுழைக்கப்பட்டுள்ளன என்று ஐ.பி.எம். மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்கிட்டது. யுனிக்ஸின் பதிப்புரிமை எஸ்.சி.ஓ.வுக்கு மாறவேயில்லை, நாவெலிடமே தங்கிவிட்டது என்று 2010-இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. மிஞ்சியிருந்த வழக்கு 2021-இல் ஒரு கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர் உடன்பாட்டில் அடங்கியது. தனக்குச் சொந்தமில்லாத பிரதிக்காகப் பல ஆண்டுகள் சண்டையிட்ட நிறுவனத்தின் கதை அது.

உரை தேவைப்படும் காலம்

இன்று படிப்புரிமை பெருமளவுக்கு வென்றுவிட்டதாகத் தோன்றும். 2001-இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசியது மைக்ரோஸாஃப்டின் அன்றைய தலைமை. அதே நிறுவனம் 2018-இல் திறந்த மூல நிரல்களின் பெருங்கிடங்கான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. கதவை மீண்டும் சாத்தும் முயற்சிகளும் நிற்கவில்லை. 2023-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெர்ராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை இறுக்கியது. உடனே பழைய உரிமத்திலிருந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு ஓபன்டோஃபு என்ற கிளை முளைத்தது. 1979-இன் பாடத்தை ஒவ்வொரு தலைமுறை உரிமையாளரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் நம் கவலை வேறிடத்தில் இருக்கிறது. லினக்ஸ் உட்கரு இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. லயன்ஸ் உரை எழுதிய பிரதியைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி வெவ்வேறு கருவிகளை இயக்கும் துணைநிரல்கள் என்பது உண்மையே. எனினும் எவரும் முழுவதையும் படித்ததில்லை; படிக்கவும் இயலாது. உரிமம் படிக்க அனுமதிக்கிறது, அளவு அனுமதிக்கவில்லை. அறிவின்மையை முன்பு வணிக இரகசியம் உண்டாக்கிற்று. இப்போது பெருக்கமே உண்டாக்குகிறது. மூலத்தைத் திறந்து வைத்ததோடு கடமை முடிந்தது என்று திறந்த மூல இயக்கத்தார் சிலர் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை.

இதை உணர்ந்தவர்கள் மீண்டும் லயன்ஸிடம் போகிறார்கள். எம்.ஐ.டி.யில் 2002-இல் ஆறாம் பதிப்பையும் லயன்ஸின் உரையையும் வைத்தே இயங்குதளப் பாடம் நடத்தினார்கள். 2006-இல் அதே கட்டமைப்பை இன்றைய கணினிகளுக்கேற்பத் திருத்தி எழுதி, விளக்க நூலோடு வெளியிட்டார்கள். எக்ஸ்.வி.6 என்ற அந்தச் சிறு இயங்குதளம் மும்பை, தில்லி ஐ.ஐ.டி. வகுப்புகளிலும் பாடமாகியிருக்கிறது. எவரும் ஒளிநகலுக்காக இரவில் காத்திருக்க வேண்டியதில்லை.

லயன்ஸ் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஓர் இருக்கை உள்ளது. அதில் அமர்ந்த கெர்னாட் ஹைஸரும் அவருடைய குழுவினரும் 2009-இல் செல்4 என்னும் சிறிய உட்கருவைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டார்கள். அதன் ஸி மொழி நிரல் ஏறத்தாழ 8,700 வரிகள். அந்த நிரல் தன் வரையறைக்கு மாறாக நடக்காது என்பதைக் கணிதமுறையில் நிறுவி, அந்த நிறுவலைக் கணினியைக் கொண்டே சரிபார்த்திருந்தார்கள். நிறுவல் ஏறத்தாழ இரண்டு லட்சம் வரிகள் நீண்டது. 2014-இல் மூலம், நிறுவல் இரண்டையும் வெளியிட்டார்கள். உட்கருவுக்கு அவர்கள் தேர்ந்த உரிமம் ஜி.பி.எல். லயன்ஸ் வரைந்த 10,000 வரி எல்லைக்குள் அடங்கும் மூலம்; அதைப்போல இருபது மடங்குக்கும் மேலான உரை. இரண்டையும் எவரும் எடுத்துப் படிக்கலாம்.